நாம்சே பஜாருக்கு முதன்முறையாகச் செல்பவர்களுக்கு: ஆவணங்கள், செலவு, நாள்கணக்கு

நேபாளத்தின் சொலுகும்பு மாவட்டத்தில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,440 மீட்டர் உயரத்தில், குதிரை லாட வடிவிலான மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கி வைத்ததுபோல் அமைந்திருக்கும் சந்தையூர் நாம்சே பஜார். எவரெஸ்ட் அடிவார முகாமுக்குச் செல்பவர்கள் பெரும்பாலும் இவ்வூரைக் கடந்தே போகிறார்கள். நானும் என் அத்தானும் அடிவார முகாமுக்குச் செல்லவில்லை. நாம்சேவையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் பார்த்துவிட்டுத் திரும்புவதே எங்கள் திட்டம். ஏழு நாள்களில் முடித்துவிடலாம் என்று கணக்குப் போட்டுச் சென்றோம். ஆனால் விமான நிலையத்தில் அத்தான் திருப்பி அனுப்பப்பட்டார், மலையில் எனக்குத் தலைவலி வந்தது, திரும்பும்போது வானிலையால் இரண்டு நாள்கள் லுக்லாவில் சிக்கிக்கொண்டோம். அந்த மூன்றுமே முன்கூட்டித் தெரிந்திருந்தால் தவிர்த்திருக்கவோ தாங்கியிருக்கவோ கூடியவை. அடுத்துச் செல்பவர்களுக்கு அந்தச் சிரமம் வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் நாள்களைக் கணக்கிடுங்கள்

பணத்தைவிட நாள்களே இந்தப் பயணத்தில் முக்கியம். நாம்சேவுக்குச் சாலை இல்லை. லுக்லா வரை சிறு விமானத்தில் சென்று, அங்கிருந்து இரண்டு நாள் நடக்க வேண்டும். நாம்சேவில் குறைந்தது இரண்டு இரவுகள் தங்கி உடலை உயரத்துக்குப் பழக்க வேண்டும். இவற்றோடு வானிலைக்காக இரண்டு நாள்களைக் கட்டாயம் ஒதுக்க வேண்டும். காட்மாண்டுவில் இறங்கி மீண்டும் காட்மாண்டுவிலிருந்து புறப்படும் வரை பத்து நாள்கள் இல்லையென்றால் இந்தப் பயணத்தை வேறொரு விடுமுறைக்குத் தள்ளிவைப்பது நல்லது.

நாம்சேவின் வாரச்சந்தை சனிக்கிழமை கூடுகிறது. ஊருக்கே பெயர் தந்த அந்தச் சந்தையைப் பார்க்க விரும்பினால் பயணத்தைக் கிழமையைக் கொண்டு திட்டமிடுங்கள். திங்கள்கிழமை காட்மாண்டுவை அடையுங்கள். செவ்வாயன்று பணம், சிம் அட்டை ஆகிய வேலைகளை முடியுங்கள். புதன் காலை லுக்லாவுக்குப் பறந்து அன்றே ஃபக்டிங் வரை நடங்கள். வியாழன் மாலை நாம்சேவில் இருப்பீர்கள். வெள்ளியன்று மேலே ஏறி இறங்கி, சனி காலை சந்தையைப் பார்த்து, ஞாயிறு காலை இறங்கத் தொடங்கலாம். நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை என்பதையும் நினைவில் வையுங்கள். வெள்ளி இரவு காட்மாண்டுவில் இறங்கி, மறுநாள் அரசு அலுவலகத்தில் வேலையை முடித்துவிடலாம் என்று எண்ணினால் ஏமாந்துபோவீர்கள்.

மார்ச் முதல் மே வரையும், செப்டம்பர் இறுதி முதல் நவம்பர் வரையும் ஏற்ற காலங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழையும் மேகமும் விமானங்களை அடிக்கடி நிறுத்திவிடும். அக்டோபரை ஒட்டி வரும் தசைன், திகார் பண்டிகை நாள்களில் உள்நாட்டு விமானங்களிலும் பேருந்துகளிலும் இடம் கிடைப்பது கடினம். அந்தச் சமயத்தில் செல்வதானால் பல வாரங்களுக்கு முன்பே பதிவுசெய்யுங்கள்.

2. அடையாள ஆவணம்: நம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடம்

இந்தியக் குடிமக்களுக்கு நேபாளம் செல்ல விசா தேவையில்லை. ஆனால் விசா தேவையில்லை என்பதை ஆவணமே தேவையில்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. விமானத்தில் செல்வதானால் செல்லுபடியாகும் பாஸ்போர்ட் அல்லது தேர்தல் ஆணையம் வழங்கிய வாக்காளர் அடையாள அட்டை வேண்டும். 15 வயதுக்குக் கீழும் 65 வயதுக்கு மேலும் உள்ளவர்களுக்கு மட்டுமே ஆதார் போன்ற வேறு அட்டைகள் ஏற்கப்படுகின்றன. என் அத்தானுக்கு 48 வயது. ஆதாரையும் ஓட்டுநர் உரிமத்தையும் மட்டும் எடுத்து வந்திருந்ததால் சோதனை மேசையிலேயே நிறுத்தப்பட்டார். ஊரிலிருந்து வாக்காளர் அட்டையை வரவழைத்து அடுத்த விமானத்தைப் பிடிக்க அவருக்கு இரண்டு நாள்களும் ஒரு புதிய பயணச்சீட்டின் விலையும் செலவாயின.

இரண்டாவது சிக்கல் பெயர். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. முன்னெழுத்து மட்டுமே உண்டு. வாக்காளர் அட்டையில் பெயர் தனியாகவும் தந்தை பெயர் தனியாகவும் இருக்கும். பாஸ்போர்ட்டில் முன்னெழுத்து விரிக்கப்பட்டிருக்கும். விமான இணையதளமோ கடைசிப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே செல்லாது. எந்த ஆவணத்தைக் கையில் எடுத்துச் செல்லப் போகிறீர்களோ, அதில் உள்ள பெயரைப் பார்த்து, எழுத்துக்கு எழுத்து அப்படியே பயணச்சீட்டைப் பதிவுசெய்யுங்கள். பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்துவது எளிது. சிம் அட்டை வாங்கும்போதும், விடுதியில் பதிவேட்டை நிரப்பும்போதும், மலைக் காப்பீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதும் அந்த ஒரே ஆவணம் எல்லா இடத்திலும் செல்லும்.

இலங்கைத் தமிழர்களுக்குப் பாஸ்போர்ட் கட்டாயம். சார்க் (தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பு) நாட்டுக் குடிமக்கள் என்ற முறையில் ஓர் ஆண்டில் முதல் 30 நாள்களுக்கான விசா கட்டணமின்றி வழங்கப்படுகிறது. மலேசியா, சிங்கப்பூர், கனடா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் காட்மாண்டு விமான நிலையத்திலேயே விசா பெறலாம்: 15 நாள்களுக்கு 30 டாலர், 30 நாள்களுக்கு 50 டாலர். பத்து நாள் பயணம்தானே என்று 15 நாள் விசாவை எடுத்து, வானிலையால் மாட்டிக்கொள்ள நேர்ந்தால் கடைசி நாள்கள் பதற்றத்தில் கழியும். 20 டாலரை மிச்சப்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை.

கடவுச்சீட்டு அளவிலான புகைப்படங்கள் நான்கையும், ஆவணத்தின் நகல்கள் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மலையில் நகல் எடுக்க இடம் தேடி அலைவது வீண் சிரமம்.

3. காட்மாண்டுவை அடைவது

தமிழ்நாட்டிலிருந்து செல்பவர்களுக்கு எளிய வழி தில்லி சென்று அங்கிருந்து காட்மாண்டுவுக்குப் பறப்பது. செலவைக் குறைக்க விரும்புபவர்கள் சென்னை வழியாகச் செல்லும் ராப்திசாகர் விரைவு ரயிலில் கோரக்பூர் வரை சென்று, அங்கிருந்து பேருந்திலோ ஜீப்பிலோ சோனௌலி எல்லையை அடைந்து, கால்நடையாக எல்லையைக் கடந்து, மறுபக்கம் காட்மாண்டுப் பேருந்தைப் பிடிக்கலாம். இந்த வழியில் ஒரு திசைக்கு மூன்று நாள்களுக்கும் மேல் ஆகிவிடும் என்பதால் பத்து நாள் கணக்கோடு அதைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நேபாள நேரம் இந்திய நேரத்தைவிட 15 நிமிடம் முன்னால் ஓடுகிறது. கைப்பேசி தானாக மாறிக்கொள்ளும், கைக்கடிகாரம் மாறாது. அதிகாலை விமானத்துக்கு 15 நிமிடம் பெரிய இடைவெளி.

4. பணம்

ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 நேபாள ரூபாய் என்பது நிலையாக வைக்கப்பட்டிருக்கும் மாற்று விகிதம்; தினமும் ஏறி இறங்காது. இந்தியப் பணத்தைக் கொண்டு செல்வதானால் 100 ரூபாய்த் தாள்களாகக் கொண்டு செல்லுங்கள். பெரிய தாள்களைக் கடைக்காரர்கள் வாங்கத் தயங்குகிறார்கள். 2024 மார்ச் முதல் நேபாளக் கடைகளில் யுபிஐ மூலம் பணம் செலுத்தும் வசதி வந்திருக்கிறது, காட்மாண்டுவின் தமேல் பகுதியில் அது உதவும். ஆனால் மலையில் அதை நம்பி ஏறாதீர்கள். லுக்லாவிலும் நாம்சேவிலும் ஏடிஎம் இருக்கின்றன. இணைப்பு அறுந்தாலோ பணம் தீர்ந்தாலோ அவை வெறும் பெட்டிகள்தாம். முழுப் பயணத்துக்கும் வேண்டிய நேபாள ரூபாயைக் காட்மாண்டுவிலேயே எடுத்து, 500, 100 தாள்களாக மாற்றி, இரண்டு இடங்களில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

விமானச் செலவு நீங்கலாக, லுக்லாவில் இறங்கி மீண்டும் லுக்லாவில் ஏறும் வரை, தங்குமிடம், உணவு, அனுமதிக் கட்டணம், போர்ட்டர் கூலி உட்பட எனக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 6,000 நேபாள ரூபாய் ஆனது. நாங்கள் சிக்கனமாகவே இருந்தோம். அதற்கு மேல் 20,000 நேபாள ரூபாயை அவசரத்துக்கென்று தொடாமல் வைத்திருந்தோம். லுக்லாவில் காத்திருந்த நாள்களில் அதில் கைவைக்க வேண்டி வந்தது.

5. லுக்லா விமானம்

இதைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். லுக்லாவின் டென்சிங்–ஹிலாரி விமான நிலையம் சுமார் 2,850 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஓடுதளத்தின் நீளம் 527 மீட்டர். ஒரு முனையில் மலைச்சுவர், மறுமுனையில் பள்ளத்தாக்கு. விமானி கண்ணால் பார்த்துத்தான் இறக்க வேண்டும். பிற்பகலில் காற்றும் மேகமும் கூடிவிடுவதால் விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே பறக்கின்றன. எனவே முதல் அல்லது இரண்டாவது விமானத்தில் இடம் கேளுங்கள். பதினொரு மணி விமானத்தின் சீட்டு விலை குறைவு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள்.

பயணிகள் நெரிசல் மிகுந்த மாதங்களில் லுக்லா விமானங்களில் பல காட்மாண்டுவிலிருந்து புறப்படுவதில்லை. ராமேசாப் மாவட்டத்தின் மந்தலி விமான நிலையத்திலிருந்து புறப்படுகின்றன. காட்மாண்டுவிலிருந்து அது சுமார் 130 கிலோமீட்டர் தொலைவு. சாலை நன்றாக இருந்தால் நான்கைந்து மணி நேரம். 2024 செப்டம்பர் வெள்ளத்தில் அவ்வழியிலுள்ள பி.பி. நெடுஞ்சாலை பெரிதும் சேதமடைந்தது என்பதால் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுக்குச் சற்றுப் பின்னர் வண்டியில் ஏறினால்தான் காலை விமானத்தைப் பிடிக்க முடியும். பதிவுசெய்யும்போதே மூன்று கேள்விகளைக் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்: விமானம் எந்த நிலையத்திலிருந்து புறப்படுகிறது, மந்தலி என்றால் அதுவரையான வண்டிக் கட்டணம் சீட்டில் அடங்குமா, ரத்தானால் பணம் எத்தனை நாளில் திரும்பும். எங்களுக்குச் சீட்டு வாங்கித் தந்த முகவர் மந்தலி என்பதை முந்தைய நாள் மாலைதான் சொன்னார். இரவு எட்டு மணிக்கு வண்டி தேடி அலைந்தோம்.

உள்நாட்டு விமானங்களில் நேபாளிகளுக்கு ஒரு கட்டணம், இந்தியர்களுக்கு ஒரு கட்டணம், பிற வெளிநாட்டினருக்கு டாலரில் ஒரு கட்டணம் என்று மூன்று விதம் உண்டு. இணையத்தில் முதலில் கண்ணில் படுவது டாலர் கட்டணமே. இந்தியர் கட்டணம் வேண்டும் என்று நீங்களே கேட்க வேண்டும், கேட்டால் தருகிறார்கள். விமானத்தில் ஏறும்போது குடியுரிமையைக் காட்டும் ஆவணத்தைப் பார்ப்பார்கள்.

சுமை வரம்பு பொதுவாகக் கைப்பை உட்பட 15 கிலோ. இதை நெருக்கடியாக எண்ண வேண்டாம். 15 கிலோவுக்கு மேல் மலைக்குக் கொண்டு செல்வதே தவறு. கனமான காலணியை அணிந்துகொண்டு, மேற்சட்டையைக் கையில் வைத்துக்கொண்டால் பை இலகுவாகும். செல்லும்போது இடப்பக்க இருக்கை கிடைத்தால் பனிமலைத் தொடர் முழுவதும் தெரியும்.

விமானம் ரத்தானால் மறுநாள் முதல் விமானத்தில் உங்களை ஏற்றுவார்கள் என்று நினைக்காதீர்கள். மறுநாள் சீட்டு வைத்திருப்பவர்களே முதலில் ஏறுவார்கள். ரத்தானவர்கள் கூடுதல் விமானத்துக்கோ காலி இருக்கைக்கோ காத்திருக்க வேண்டும். இரண்டு நாள் கையிருப்பு வேண்டும் என்று முதலிலேயே நான் வற்புறுத்தியதற்கு இதுதான் காரணம்.

பறக்க விரும்பாதவர்கள் காட்மாண்டுவிலிருந்து ஜீப்பில் சல்லேரி வரை சென்று, அங்கிருந்து வேறு ஜீப்பில் மேலும் உள்ளே போய், மீதியை நடக்கலாம். செலவு குறையும், நாள்கள் கூடும், மழைக்காலத்தில் வழி சேற்றில் மறைந்துவிடும்.

6. அனுமதிச் சீட்டுகள்

இரண்டு சீட்டுகள் தேவை. ஒன்று, நாம்சே அமைந்துள்ள கும்பு பகுதியை நிர்வகிக்கும் கும்பு பசாங்லாமு கிராமிய நகராட்சியின் உள்ளூர் அனுமதி. லுக்லாவிலிருந்து வெளியேறும் இடத்தில் பெறலாம். மற்றொன்று, சாகர்மாதா தேசியப் பூங்காவின் நுழைவுச் சீட்டு. மோஞ்சோ ஊரை அடுத்த பூங்கா வாயிலில் பெறலாம். வேறு மலைப்பகுதிகளில் கேட்கப்படும், மலையேறுபவர்களைப் பதிவுசெய்யும் டிம்ஸ் அட்டை இந்த வழியில் தேவையில்லை. அதையும் சேர்த்து விற்க முயலும் முகவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

தேசியப் பூங்காவுக்கு வெளிநாட்டினர் 3,000 நேபாள ரூபாயும், சார்க் நாட்டினர் 1,500 நேபாள ரூபாயும் செலுத்த வேண்டும். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. இந்தியர்களும் இலங்கையர்களும் சார்க் கட்டணத்துக்கு உரியவர்கள். மொத்தத் தொகைக்குப் பேசி அழைத்துச் செல்லும் சில ஏற்பாட்டாளர்கள் நம்மிடம் 3,000 வாங்கிக்கொண்டு வாயிலில் 1,500 கட்டுகிறார்கள். எனக்கு நேர்ந்தது அதுவே. ரசீதைக் கேட்டு வாங்கியபோதுதான் தெரிந்தது. நீங்களே ஆவணத்தைக் காட்டி, நீங்களே பணம் கட்டி, ரசீதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் அனுமதிக்கு நபருக்கு 3,000 நேபாள ரூபாயைத் தயாராக வைத்திருங்கள். இரண்டு இடங்களிலும் ரொக்கமாக, நேபாள ரூபாயில் செலுத்துவதே பாதுகாப்பு. சீட்டுகளை நனையாத உறையில் இட்டு, எளிதில் எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். வழியில் மீண்டும் கேட்பார்கள், திரும்பும்போதும் பதிவு உண்டு.

ட்ரோன் பறக்கவிடத் தனி அனுமதிகள் வேண்டும். அவை இல்லாமல் கொண்டு போகாதீர்கள்.

7. கைடும் போர்ட்டரும்

2023 ஏப்ரல் முதல் மலையேற்றத்துக்கு உரிமம் பெற்ற கைடு கட்டாயம் என்று நேபாளச் சுற்றுலா வாரியம் அறிவித்தது. கும்பு பகுதியின் உள்ளூர் நிர்வாகம் அதை நடைமுறைப்படுத்தவில்லை. நாம்சே வரை வழி தெளிவாக இருப்பதால் வழி தவற வாய்ப்பில்லை. ஆயினும் முதல்முறை உயரத்துக்குச் செல்பவர்கள், வயதானவர்களை அழைத்துச் செல்பவர்கள் ஆகியோர் கைடு வைத்துக்கொள்வதே சரி. உடல்நிலை மோசமாகும்போது அதை முதலில் கவனிப்பவர் அவராகத்தான் இருப்பார். நோயாளிக்குத் தன் நிலை தெரியாது.

போர்ட்டருக்கு நாங்கள் நாளொன்றுக்கு 2,500 நேபாள ரூபாய் கொடுத்தோம். லுக்லாவிலேயே பேசி அமர்த்தலாம். கூலியில் அவருடைய உணவும் தங்குமிடமும் அடங்குமா, திரும்பி வரும் நாளுக்குக் கூலி உண்டா, சுமை எத்தனை கிலோ என்ற மூன்றையும் புறப்படும் முன்பே பேசி முடியுங்கள். இருவருக்கும் சேர்த்து 20 கிலோவுக்கு மேல் ஏற்றாதீர்கள். அவரிடம் போதிய குளிராடையும் நல்ல காலணியும் இருக்கின்றனவா என்று பாருங்கள்; இல்லையென்றால் வாங்கிக் கொடுங்கள். நம் பையைச் சுமப்பவர் குளிரில் நடுங்கும்போது நாம் இரண்டு சட்டை போட்டு நடப்பது முறையல்ல. வயதில் மூத்தவரை ‘தாய்’ என்று அழையுங்கள்; நம் சொல்போல ஒலித்தாலும் நேபாளியில் அது அண்ணன். விடுதி நடத்தும் பெண்களுக்கு ‘தீதி’. இந்தி பலருக்குப் புரியும்.

8. இரண்டு நாள் நடை

முதல் நாள் லுக்லாவிலிருந்து ஃபக்டிங் வரை. சுமார் 8 கிலோமீட்டர், மூன்று முதல் நான்கு மணி நேரம். ஃபக்டிங் 2,610 மீட்டரில் இருப்பதால் மொத்தத்தில் இறக்கமே அதிகம். இது எளிதாக இருப்பதால் அன்றே மேலும் நடந்துவிடலாம் என்று தோன்றும். மோஞ்சோ வரை போகலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இரண்டாம் நாள்தான் உண்மையான சோதனை. தூத்கோசி ஆற்றைத் தொங்குபாலங்கள் வழியே பலமுறை கடந்து, மோஞ்சோ வாயிலில் சீட்டு பெற்று, ஜோர்சலே ஊரை அடைவீர்கள். அங்கே மதிய உணவை முடித்து, தண்ணீரை நிரப்பிக்கொள்ளுங்கள். அதன்பின் நாம்சே வரை விடுதிகள் இல்லை. ஆற்றங்கரையில் சிறிது தூரம் சென்றதும் மிக உயரத்தில் கட்டப்பட்ட ஹிலாரி பாலம் வரும். அதைக் கடந்த பிறகு ஏறத்தாழ 600 மீட்டர் உயரத்தை ஒரே ஏற்றமாக ஏற வேண்டும். பாதி வழியில், வானம் தெளிவாக இருந்தால், மரங்களுக்கு நடுவே எவரெஸ்ட் முதன்முதலாகத் தெரியும் இடம் உண்டு. அங்கே பத்து நிமிடம் உட்காருங்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகமே சரியான வேகம்; மூச்சு வாங்கிப் பேச்சு நின்றால் நீங்கள் விரைந்து ஏறுகிறீர்கள். நான் இளைஞர் குழு ஒன்றோடு சேர்ந்து இந்த ஏற்றத்தை இரண்டு மணி நேரத்துக்குள் முடித்தேன். அன்றிரவு தலைவலியால் உறங்கவில்லை. இரண்டு நாள் பிந்திக் கிளம்பிய அத்தான் நான்கு மணி நேரம் எடுத்து ஏறி வந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

கோவேறு கழுதைகளும் மாடுகளும் சுமையோடு வரும்போது மலைச்சுவர்ப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். பள்ளத்தின் பக்கம் நின்றால் சுமை இடித்துத் தள்ளிவிடும். அவை பாலத்தில் ஏறிவிட்டால் கடக்கும் வரை காத்திருங்கள். மந்திரம் பொறித்த மணிக்கற்களையும் பிரார்த்தனைச் சக்கரங்களையும், கோயிலில் வலம் வருவதுபோல, உங்கள் வலப்பக்கம் இருக்கும்படி கடந்து செல்லுங்கள்.

9. நாம்சேவில் தங்குவது

அறை வாடகை 500 முதல் 1,500 நேபாள ரூபாய் வரை சொல்வார்கள். வாடகை குறைவாக இருப்பதற்குக் காரணம், காலை, இரவு உணவை அந்த விடுதியிலேயே சாப்பிட வேண்டும் என்ற எழுதப்படாத ஒப்பந்தம். வெளியே சாப்பிட்டுவிட்டு வந்தால் வாடகை பன்மடங்காகும். வெந்நீர்க் குளியல், கைப்பேசி மின்னேற்றம், வைஃபை ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம் உண்டு என்பதால் அறை எடுக்கும் முன்பே விலைப்பட்டியலைப் பார்த்துவிடுங்கள். நம் ஊர்ச் செருகிகள் அங்கும் பொருந்தும். இரவில் அறைக்குள் சூடு இருக்காது; உணவுக்கூடத்தில் மட்டுமே அடுப்பு எரியும். நல்ல உறக்கப்பை இல்லாதவர்கள் கூடுதல் கம்பளி கேட்டு வாங்குங்கள்.

உணவில் நமக்குக் கவலையில்லை. சோறு, பருப்பு, காய், கீரை, ஊறுகாய் அடங்கிய தால் பாத் எங்கும் கிடைக்கும். சோறும் பருப்பும் மறுமுறை கேட்டால் பரிமாறுவார்கள். கும்பு பகுதியில் விலங்குகளை வெட்டுவதில்லை; இறைச்சி கீழேயிருந்து நாள்கணக்கில் சுமந்து வரப்படுகிறது. ஆகவே அசைவம் உண்பவர்களும் மலையில் இருக்கும் வரை சைவத்தோடு நிறுத்திக்கொள்வதே வயிற்றுக்கு நல்லது. இப்பகுதியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2020 முதல் தடை இருக்கிறது. சொந்தப் புட்டியும் குளோரின் மாத்திரையும் கொண்டு போனால் தண்ணீர்ச் செலவும் குறையும்.

மலை உடைகள் விற்கும் கடைகள் நாம்சேவில் நிறைய இருக்கின்றன. கையுறையோ தொப்பியோ மறந்துவிட்டால் அங்கே வாங்கலாம். ஆனால் காலணியை அங்கே வாங்கி அப்படியே நடக்காதீர்கள். ஊரிலேயே வாங்கி, ஒரு மாதம் அணிந்து பழக்கிய காலணிதான் காலைக் காக்கும்.

சனிக்கிழமைச் சந்தைக்குக் காலையிலேயே செல்லுங்கள். கீழ்ப் பள்ளத்தாக்குகளிலிருந்து அரிசி, காய்கறி, முட்டை, துணிமணிகளைச் சுமந்து வருபவர்கள் நண்பகலுக்குள் விற்றுவிட்டு இறங்கத் தொடங்கிவிடுவார்கள். படம் எடுக்கும் முன் கேளுங்கள். அவர்கள் வேலை செய்துகொண்டிருக்கிறார்கள்.

10. உயர நோய்: இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்

நாம்சேவை அடைந்த மறுநாள் ஓய்வுநாள் என்று சொல்லப்பட்டாலும் படுத்திருக்கும் நாளல்ல. பகலில் உயரமான இடத்துக்கு ஏறி, இரவு தாழ்வான இடத்தில் உறங்குவதே உடலைப் பழக்கும் முறை. சியாங்போச்சே ஓடுதளம் வழியாக, 3,880 மீட்டரில் உள்ள எவரெஸ்ட் வியூ ஹோட்டல் வரை ஏறி, நேரம் இருந்தால் 3,790 மீட்டரிலுள்ள கும்ஜுங் ஊரைப் பார்த்துவிட்டு நாம்சேவுக்கே திரும்பி வாருங்கள்.

தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை தொடக்க அறிகுறிகள். இவை இருக்கும்போது ஒரு மீட்டர்கூட மேலே உறங்கச் செல்லக் கூடாது. குறையவில்லையென்றால் கீழே இறங்க வேண்டும். நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, ஓய்விலும் மூச்சுத் திணறுவது, நுரையோடு இருமுவது ஆகியவை உயிருக்கு ஆபத்தானவை; நள்ளிரவானாலும் துணையோடு உடனே இறங்க வேண்டும், மருத்துவ உதவியையும் நாட வேண்டும். நாம்சேவிலேயே மருத்துவ வசதி உண்டு. கும்ஜுங்கை அடுத்த குந்தேயில் 1966 முதல் மருத்துவமனை இயங்கி வருகிறது. தலைவலியை நான் முதலில் மறைத்தேன். விடுதி அக்கா என் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டு, இஞ்சித் தேநீர் கொடுத்து, மறுநாள் மேலே போக வேண்டாம் என்று தடுத்தார். ஒரு முழு நாள் கழிந்த பிறகே சரியானது. உடன் வருபவர்களிடம் எதையும் மறைக்காதீர்கள்.

அசெட்டசோலமைடு என்ற மாத்திரையைப் பலர் முன்காப்பாக எடுக்கிறார்கள். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம். சர்க்கரை நோய், இரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டு முடிவுசெய்யுங்கள். உறக்க மாத்திரையும் மதுவும் வேண்டாம்.

நாம்சேவுக்கும் மேலே செல்ல எண்ணுபவர்கள், 3,000 மீட்டரைத் தாண்டியபின் உறங்கும் உயரத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் கூட்டாமல், மூன்று நான்கு நாள்களுக்கு ஒருமுறை ஓரிடத்தில் கூடுதல் இரவு தங்கிச் செல்ல வேண்டும்.

11. காப்பீடு

சாதாரணப் பயணக் காப்பீட்டில் மலையேற்றம் விலக்கப்பட்டிருக்கும், அல்லது உயர வரம்பு இருக்கும். உங்கள் பாலிசி எத்தனை மீட்டர் வரை செல்லும், ஹெலிகாப்டர் மீட்பு அடங்குமா, அழைக்கும் முன் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டுமா என்பவற்றை வாங்கும் முன் படித்துப் பாருங்கள். ஹெலிகாப்டர் மீட்புக்குப் பல ஆயிரம் டாலர் செலவாகும். லேசான தலைவலிக்கே ஹெலிகாப்டரை அழைக்கச் சொல்லிக் காப்பீட்டுத் தொகையைப் பங்கிட்டுக்கொள்ளும் மோசடிகள் 2018-இல் நேபாள அரசின் விசாரணைக்கு உள்ளாயின. கீழே நடந்து இறங்கக்கூடிய நிலையில் இருப்பவரை யாராவது அவசரப்படுத்தினால், முதலில் காப்பீட்டு நிறுவனத்தின் அவசர எண்ணை நீங்களே அழையுங்கள். அந்த எண்ணைத் தாளிலும் எழுதி வைத்திருங்கள்; குளிரில் கைப்பேசி மின்கலம் விரைவில் இறங்கிவிடும்.

12. திரும்பும் வழி

நாம்சேவிலிருந்து லுக்லாவுக்கு ஒரே நாளில் இறங்கலாம். சுமார் 19 கிலோமீட்டர், ஏழெட்டு மணி நேரம். கடைசிப் பகுதி ஏற்றமாக இருக்கும் என்பதை நினைவில் கொண்டு காலை ஏழு மணிக்கு முன்பே கிளம்புங்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் ஃபக்டிங்கில் ஓர் இரவு தங்கிவிடுங்கள்.

விமானத்துக்கு முந்தைய நாள் மாலைக்குள் லுக்லாவை அடைந்து, உங்கள் விமான நிறுவனத்தின் அலுவலகத்துக்கோ, அவர்களோடு தொடர்பில் இருக்கும் விடுதிக்காரரிடமோ சென்று மறுநாள் இருக்கையை உறுதிசெய்ய வேண்டும். இதைச் செய்யாமல் காலையில் நேராகப் போனவர்கள் பட்டியலில் பெயரின்றி நின்றதைப் பார்த்தோம். எங்கள் பெயர் பட்டியலில் இருந்தது; மேகம் இறங்கியதால் விமானம்தான் இரண்டு நாள்கள் வரவில்லை. காட்மாண்டுவிலிருந்து சென்னைக்கு வாங்கியிருந்த பயணச்சீட்டுகள் இரண்டும் வீணாயின. லுக்லாவிலிருந்து கிளம்ப வேண்டிய நாளுக்கும் காட்மாண்டுவிலிருந்து பறக்கும் நாளுக்கும் இடையே இரண்டு முழு நாள்களை விடுங்கள், அல்லது சற்றுக் கூடுதலாகக் கொடுத்துத் தேதி மாற்றக்கூடிய சீட்டாக வாங்குங்கள். விமானம் குறித்த நாளில் வந்துவிட்டால் அந்த இரண்டு நாள்களில் பசுபதிநாதர் கோயிலையும் பக்தபூரையும் பொறுமையாகப் பார்க்கலாம்.